மாப்பிள்ளை வந்த வீடு

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடிந்தால் வீடு மாறுவது மாப்பிள்ளைதான். பெண் தான் பிறந்த வளவிலேயே இருப்பாள். மூத்தவளுக்குக் கலியாணம் பேசும்போதே பெரிய வீடு அவளுக்கென்று முடிவாகிவிடும். உம்மாவும் வாப்பாவும் பின்பக்கத்தில் ஒரு அறையும் குசினியும் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இல்லாவிட்டால் அடுத்த மகளுக்காக அத்திவாரம் போட்ட வீட்டுக்குப் போவார்கள். 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்த வழமை அங்குள்ள தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒன்றுபோலவே இருக்கக் கண்டு, தாய்வழிக் குடி முறையோடு சேர்த்து விரிவாக எழுதியிருக்கிறார். ஊரில் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு அது ஆய்வுப் பொருளல்ல, கட்டித் தீராத கடன். சவூதிக்குப் போவதும், கட்டாருக்குப் போவதும், வயலை ஈடு வைப்பதும், உம்மா நுண்கடன் குழுவில் சேர்வதும் பெரும்பாலும் இந்த வீட்டுக்காகத்தான்.

இதற்குள் ஒரு பாதுகாப்பும் இருந்தது. ராத்தாவின் வீட்டுக்கும் தங்கச்சியின் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி, அல்லது எட்டிப் பார்க்கக்கூடிய மதில். மாப்பிள்ளை சத்தம் போட்டால் மாமிக்குக் கேட்கும். கை ஓங்கினால் பெண்ணின் காக்காமார் (அண்ணன்மார்) வந்து முற்றத்தில் நிற்பார்கள். சண்டை முற்றினால் அவன் சேர்ட்டை மாட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவான். இரண்டு நாளோ ஒரு கிழமையோ கழித்து, பெரியவர்கள் யாராவது பேசிக் கூட்டிவருவார்கள். அந்த இடைவெளியில் அவள் மூச்சு விடுவாள்.

இதைப் பெண்ணுரிமை என்று மெச்ச எனக்கு மனமில்லை. அடி விழாத ஊர்கள் என்று இந்தக் கரையைச் சொன்னால் இங்குள்ள பெண்களே சிரிப்பார்கள். ஆனாலும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது அடிபட்ட பெண்தான். இங்கே படியிறங்குவது அடித்தவன். அவளுக்குத் திரும்பிப் போக ஒரு தாய்வீடு கிடையாது. அவள் நிற்பதே தாய்வீட்டில். அந்த நிலை அவளுக்குப் பலமாக இருந்தது, அவன் வெளியே போகக்கூடியவனாக இருந்த வரைக்கும்.

2020 மார்ச் 20 மாலை ஆறு மணிக்கு, கோவிட் தொற்றுக்காக நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. கொழும்பு, கம்பஹா போல அம்பாறை வாரக்கணக்காக அடைந்து கிடக்கவில்லை, இடையிடையே சில மணி நேரம் தளர்த்தினார்கள். தொற்றாளர் அடையாளம் காணப்பட்ட அக்கரைப்பற்றுப் பொலிஸ் பிரிவு மட்டும், மாவட்டத்தின் மற்ற இடங்கள் தளர்ந்த ஏப்ரல் 20 இலும் மூடியே கிடந்தது. நவம்பர் கடைசியில் சந்தையிலிருந்து பரவிய தொற்றால் அதே அக்கரைப்பற்று மீண்டும் தனிமைப்படுத்தப்பட்டது. டிசம்பர் கடைசியில் கல்முனை நகரின் ஒரு பகுதிக்கும் அதே கதி. வீட்டில் இருங்கள், பாதுகாப்பாக இருங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் தெருத்தெருவாகச் சொல்லிப் போயின. கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போக நினைத்த மாப்பிள்ளைக்குச் சந்தியில் பொலிஸ் நின்றது. அவன் போகவில்லை. பேசித் தீர்க்கும் பெரியவர்களும் வரவில்லை.

பகலில் இந்த ஊர்களின் வீடுகள் பெண்களுடையவை. ஆண்கள் கடையில், வயலில், கடலில், பள்ளிவாசலில், தேத்தண்ணிக் கடையில் இருப்பார்கள். அந்தி சாய்ந்தால் கடற்கரையில் இருப்பார்கள். அத்தனை இடமும் ஒரே வாரத்தில் அடைபட்டன. மருதமுனைத் தறியில் நெய்த சாரனையும் சாரியையும் வாங்கப் பெருநாள் காலத்தில் ஆளில்லை. அக்டோபரில் பேலியகொட மீன் சந்தைத் தொற்றுக் கொத்தணி வந்த பிறகு மீனைத் தொடவே ஊர் பயந்தது. பயத்தைத் தெளிவிக்க முன்னாள் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். கல்முனைக் கடற்கரையில் அதற்காகப் படகுகள் இறங்கிவிடவில்லை. வளைகுடாவிலிருந்து மாதாமாதம் வந்த காசும் பல வீடுகளுக்கு நின்றது. ரமழான் முழுதும் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன, தராவீஹ் வீட்டு மண்டபத்துக்குள் வந்தது. சஹருக்குச் சமைத்து, பிள்ளைகளை அடக்கி, நோன்புக் கஞ்சி காய்ச்சி, இரவுச் சாப்பாடு வைத்து அவள் நிமிரும்போது, நாள் முழுக்க ஒரே கதிரையில் இருந்த ஒரு மனிதனின் எரிச்சலும் அவளுக்காகக் காத்திருக்கும். வேலை போனதால் அடித்தான் என்ற நியாயத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மாதங்களில் பெண்களுக்கும் வேலை போனது. அதற்காக அவர்கள் புருஷன்மாரை அடித்ததாகக் கதையில்லை.

நோய் வந்து அடியைக் கொண்டுவரவும் இல்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல், அதாவது கோவிட் பேர் தெரிவதற்கு முன்னால், நாடளாவிய பெண்கள் நல்வாழ்வு ஆய்வொன்றை நடத்தியது. துணையோடு வாழ்ந்த பெண்களில் நூற்றுக்கு 20.4 பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது அந்தத் துணையிடமிருந்தே உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ கண்டிருந்தார்கள். ஐந்தில் ஒருத்தி. ஒரு சின்னத் தெருவில் அது எத்தனை வாசல் என்று எண்ணிப் பார்க்கலாம். 2020 ஏப்ரல் 5 அன்று ஐ.நா. செயலாளர் நாயகம் குட்டெரெஸ் வீடுகளுக்குள்ளும் சமாதானம் வேண்டும் என்று உலக அரசுகளைக் கேட்டுக்கொண்டார். ஸ்பெயினின் கனரித் தீவுகளில் மருந்துக் கடைக்குப் போய் ஒரு குறிப்பிட்ட முகக்கவசத்தைக் கேட்டால், கேட்பவள் ஆபத்தில் இருக்கிறாள் என்று கடைக்காரர் புரிந்துகொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். நல்ல யோசனைதான். கல்முனையில் மருந்துக் கடைக்குப் போவது அவன், துண்டை எழுதிக் கொடுப்பதுதான் அவள்.

இங்கே 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருந்தது. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருந்தது. மார்ச் 13 முதல் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்ததால் வீட்டிலிருந்த ஒற்றை ஸ்மார்ட்போன் வாட்ஸ்அப் பாடங்களுக்காக மூத்த பிள்ளையின் கையில் இருந்தது. அது கைக்கு வந்தாலும், இரண்டு அறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசுவது?

அப்படியானால் அடுத்த வீட்டுக் காது எங்கே போனது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் தேட 2004 டிசம்பர் 26 க்குப் போக வேண்டும். இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். 10,000 க்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலோடு ஒட்டி நெருக்கமாக வாழ்ந்த தெருக்கள் அப்படியே போயின. பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம் செத்தார்கள். பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். அந்தத் தூரத்தைப் பல தடவை மாற்றினார்கள். கல்முனையில் இஸ்லாமாபாத், கிறீன்பீல்ட், சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம் என்று வீட்டுத் திட்டங்கள் எழும்பின. உம்மாவுக்கு ஒரு திட்டத்தில் வீடு, மூத்தவளுக்கு இன்னொரு திட்டத்தில், இளையவளுக்கு மூன்றாவது மாடியில். வளவு என்ற ஒன்று காகிதத்தில் இல்லாததால் அதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

காகிதத்தில் இருந்தது குடும்பத் தலைவர் என்ற பதம். வீட்டு உறுதியும் நட்டஈடும் பெருமளவில் அந்தப் பேருக்கே போயின. தலைவர் என்றால் ஆண் என்று உத்தியோகத்தர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவை இருக்கவில்லை. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன, இருவர் பேரிலாவது எழுதுங்கள் என்று கேட்டன. தலைமுறை தலைமுறையாக உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த சொத்து, கடல் கொண்டுபோய்த் திரும்பி வந்தபோது கணவன் பேரில் வந்தது. வழக்கப்படி அவள் வீடு, அரசாங்கத் தாளில் அவன் வீடு. “இது என்ட வீடு, வெளியே போ” என்று சொல்லும் உரிமை அந்தக் கைமாற்றத்தில் இடம் மாறியது. சுனாமிக்குப் பின்னர் நடந்தவற்றில் ஆக நீண்டகாலம் பாதிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு நினைவுத் தூபி கிடையாது.

இந்த இடத்தில் நுரைச்சோலையைச் சொல்லாமல் போக முடியாது. அக்கரைப்பற்றுக்கு அருகே சவூதி நிதியில் 500 வீடுகள் கட்டினார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற இன விகிதாசாரப் பிரச்சினையில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் கையளிக்கப்படாமல் காடேறின. வீட்டில் இருங்கள் என்று நாடே சொன்ன ஆண்டில், ஒதுங்க ஓர் அறை இல்லாத பெண்கள் வாழ்ந்த அதே மாவட்டத்தில் 500 வீடுகள் பூட்டிக் கிடந்தன.

பொலிஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கொழும்பிலிருந்து கேட்கலாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் மோதலும் வெடிப்பும் நடந்தன, சிறுவர்களும் சேர்ந்து செத்தார்கள். அதற்குப் பிறகு இந்த ஊர்களில் அலுமாரி வரை திறந்து பார்த்துத் தேடினார்கள். அரபு எழுத்திருந்த புத்தகங்களை ஒளித்து வைத்த வீடுகள் உண்டு. முகத்தை மூடக்கூடாது என்று அவசரகாலச் சட்டத்தில் போட்டார்கள். அடுத்த வருடம் முகத்தை மூடாவிட்டால் பிடிப்போம் என்றார்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் சப்பாத்துக் காலோடு உள்ளே வந்தவர்களை அவளே தொலைபேசி எடுத்து அழைக்க வேண்டும். அழைத்தால் வாசலில் ஜீப் நிற்கும். எதற்கு நிற்கிறது என்று தெருவுக்குத் தெரிய வேண்டும் என்றால் அவள் அடிபட்டதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறொன்றை நினைப்பார்கள். இரண்டில் எது அவளுக்கு இலகு?

ஆஸ்பத்திரிதான் மிச்சம். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்று ‘மிதுறு பியச’, தமிழில் ‘நட்பு நிலையம்’, என்ற பிரிவுகளைச் சுகாதார அமைச்சு நடத்துகிறது. வேறு நோய்க்கு வந்ததுபோல வந்து, அந்த அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வரலாம் என்பது அதன் நல்ல அம்சம். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒன்றுக்கொன்று சற்றுத் தூரத்திலேயே இருக்கின்றன. முதலாவது முஸ்லிம்களுடையது, இரண்டாவது தமிழருடையது என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினை நல்லதல்ல என்று தெரிந்தும் ஒன்றைச் சொல்கிறேன்: தன் மச்சியின் மகள் தாதியாக இல்லாத ஓர் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது சில பெண்களுக்கு உதவியாகத்தான் இருந்தது.

2020 இல் இரண்டின் வாசலும் ஒரே பயத்தில் அடைபட்டன. மார்ச் 30 அன்று முஸ்லிம் ஒருவர் கோவிட்டால் மௌத்தானதும் அவருடைய உடலை எரித்தார்கள். ஏப்ரல் 11 வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அரசாங்கம் கேட்கவில்லை. டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் காரணம் கூறாமலே மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையின் உடல் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் கம்பி வேலியில் சனங்கள் வந்து வெள்ளைக் கபன் துணி கட்டினார்கள். கிழக்கில் பல வீடுகளில் ஒரே பேச்சு: காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாதே. போனால் பீ.சீ.ஆர். எடுப்பார்கள். பொஸிட்டிவ் வந்து மௌத்தானால் எரிப்பார்கள்.

காய்ச்சலுக்கே போகாதவள் உடைந்த விரலுக்குப் போவாளா? பெண்களுக்கு உதவி என்று அரசாங்கம் வைத்திருந்த அறை, அவர்கள் ஆகக்கூடப் பயந்த கட்டடத்துக்குள் இருந்தது. தகனக் கொள்கையைப் பற்றி எழுதியவர்கள் மத உரிமையை எழுதினார்கள், மண்ணறையை எழுதினார்கள். அது சரி. வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணிடமிருந்து ஆஸ்பத்திரியையும் அந்த வர்த்தமானி பறித்ததை எழுதியவர்கள் குறைவு. 2021 பெப்ரவரி கடைசியில் அடக்கத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கினார்கள், மட்டக்களப்பையும் தாண்டி. பெண் மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அனுப்புவது பெண்களின் வேலை. கடைசியாகத் தொட்டு முகம் பார்ப்பது அப்போதுதான். அது கோவிட் மையித்துகளுக்கு அப்போதும் கிடைக்கவில்லை. கட்டாயத் தகனத்துக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இவ்வளவும் ஒரு பெண்ணின் மனசுக்குள் எப்படி இறங்கியது என்பதை அவள் வாயால் கேட்டால் மனம் என்ற பேச்சே வராது. “தலையிடிக்கி” என்பாள். “நெஞ்சுக்குள்ள என்னமோ அடச்ச மாதிரி இரிக்கி” என்பாள். நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை, கைகால் ஓய்ந்து கிடக்கிறது. இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். வீட்டில் யாராவது லெப்பையிடம் தண்ணி ஓதி வாங்கி வருவார்கள். அதைக் கேலி செய்பவர்களோடு நான் இல்லை. ஓதிய தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்த கையில் ஒரு கரிசனை இருந்தது, அந்த மாதங்களில் அவளுக்கு வேறெங்கும் கிடைக்காதது. எனக்குள்ள வருத்தம், அந்தத் தலையிடியின் காரணத்தை யாரும் கேட்காமல் விட்டதில். ஊரடங்கிலும் உடல்நலம் விசாரித்து வீட்டு வாசல் வரை வரக்கூடிய அரச உத்தியோகத்தர்களில் மிட்வைஃப் ஒருவர். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் அவர் வருவார். பிள்ளை பெறும் வயது கடந்தவளின் வாசலில் அவருக்கு வேலை இல்லை.

சட்டம் என்ன செய்தது? 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்துக்கும் பொது. உடலில் தழும்பு வேண்டும் என்பதில்லை. தொடர்ந்து இழிவுபடுத்தி மனதை நொறுக்குவதையும் அது வன்முறை என்கிறது. நீதவான் பாதுகாப்புக் கட்டளை பிறப்பித்து, அடித்தவன் அவள் வசிக்கும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கலாம். உறுதி யார் பேரில் இருந்தாலும் சரி. அவளுக்காக ஒரு பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பிக்கவும் முடியும். ஊரடங்கை மீறியதற்காக நாடு முழுக்க 50,000 க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்த பொலிஸ் அது. சந்திக்குச் சந்தி நின்றது.

அவளுக்குத் தெரிந்திருந்த நீதிமன்றம் காதி நீதிமன்றம். 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி ஆணாகத்தான் இருக்க வேண்டும், சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. கணவன் தலாக் சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அவள் பஸஹ் (மனைவி கோரும் விவாகரத்து) கேட்டால் காரணத்தை நிரூபிக்க வேண்டும், சாட்சி வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் நடந்ததற்கு எந்தச் சாட்சியைக் கூட்டிவருவது? ஏழு வயது மகனையா? இந்தச் சட்டத்தைத் திருத்த 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை வர 2018 ஆனது. வந்த பிறகும் இழுபறிதான்.

கடைசியில் உம்மாவிடம்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது. வளவு கலையாத வீடுகளும் உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முன்பு வழக்கத்தில் எழும்பிப் போயிருப்பாள். இப்போது “சபுர் செய் மகள்” என்றாள். அவளை ஊமை என்றோ கல்நெஞ்சு என்றோ எழுதுவது இலகு. மூத்தவளின் வீட்டுக்கு வாங்கிய கடன் இன்னும் இருக்கிறது. வீடு போதாதென்று மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலிக் காசும் அதில் சேர்த்தி. இளையவளுக்கு ஒரு இடம் பேசி, ஊரடங்கால் பாதியில் நிற்கிறது. மருமகனை வெளியே போ என்றால், போய்த் தன் உம்மா வீட்டில் இருந்து அவன் சொல்லப்போகும் கதை என்ன என்று அவளுக்குத் தெரியும். வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கும் வழமையில், மாப்பிள்ளை இறங்கிப் போன வீட்டுக்கு அடுத்த மாப்பிள்ளையின் விலை ஏறும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவள் மதிலுக்கு இந்தப் பக்கம் வராமல் இருந்தாள்.

நீதவானின் கட்டளை செய்வது, முற்றத்தில் வந்து நின்ற காக்காமார் செய்த அதே காரியத்தை. அவனை வெளியே நிறுத்துகிறது, அவளை வீட்டில் விடுகிறது. இந்தக் கரையின் வழமைக்கு இவ்வளவு பொருந்திய சட்டம் வேறில்லை என்று நான் சொன்னால், அந்த உம்மா அதைக் கேட்டுவிட்டு, அவன் போனால் சின்னவளை யார் கேட்டு வருவார்கள் என்று கேட்பாள். அதற்கு நீதவானிடம் பதில் கிடையாது. நிக்காஹ் எழுதி வைக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும், வீட்டின் சதுர அடியையும் கைக்கூலியையும் விசாரித்துக்கொண்டு பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரிடமும்தான் அவள் அதைக் கேட்க வேண்டும்.